பெரிய தெருவில் குடித்த தண்ணீர்

கண்ணைத் திறந்தபோது யாரோ என் கல்யாண மோதிரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நர்ஸ் என் இடது கையைத் தூக்கிப் பிடித்து, சின்ன இடுக்கி மாதிரி ஒன்றை மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். விரலைப் பார்த்தேன். அது என் விரலே இல்லை. யாரோ மொந்தன் வாழைக்காயை என் கையில் ஒட்டி வைத்திருந்தார்கள். கத்த வேண்டும் போலிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

"தண்ணி," என்றேன்.

நர்ஸ் கையை விட்டுவிட்டார். கால்மாட்டில் நின்ற என் வீட்டுக்காரர் குமார் ஓரடி பின்னால் போனார். தண்ணீர் கேட்டதற்கு இப்படி அரண்டுபோன மனிதர்களை நான் பார்த்ததே இல்லை.

"அந்தப் பேச்சையே எடுக்காதீங்கம்மா," என்றார் நர்ஸ்.

கொஞ்ச நேரத்தில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வந்தார். "ஏன் விழுந்தீங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"வெயிலு."

"இல்ல. தண்ணி குடிச்சு."

"கெட்ட தண்ணியா டாக்டர்?"

"நல்ல தண்ணிதான். அளவுக்கு மீறின நல்ல தண்ணி. ரத்தத்துல இருக்குற உப்பெல்லாம் நீர்த்துப் போயி, மூளை வீங்கி, வலிப்பு வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் லேட்டாக் கொண்டாந்திருந்தா..."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வாய்க்காலின் கடைசி மடையில் பிறந்தவள். தண்ணீர் வரவில்லை என்ற சண்டையைக் கேட்டே வளர்ந்தவள். தாலுகா ஆபீசில் என் மேஜைக்கு வரும் மனுக்களில் பாதி, பக்கத்து வயல்காரன் வாய்க்காலை மறித்துவிட்டான் என்பதுதான். எங்கள் பக்கத்தில் தண்ணீரில் மூழ்கிச் செத்தவர்கள் உண்டு. தண்ணீருக்காக வெட்டிக்கொண்டு செத்தவர்களும் உண்டு. தண்ணீர் குடித்து யாராவது சாவார்களா?

அப்போதுதான் ஷம்ஷாத் உள்ளே வந்தாள். என்னோடு மராத்தான் ஓடுகிறவள். முகம் வெளுத்திருந்தது. நான் கண் விழித்ததைப் பார்த்து அழுதாள். பிறகு என் காதருகே குனிந்து சொன்னாள்.

"அக்கா, உங்க ஊர்ல பெரிய பிரச்சனை ஆயிருச்சு. தண்ணியில மருந்து கலந்து குடுத்துட்டாங்கன்னு உங்க தெருப் பசங்கல்லாம் பெரிய தெருவுல சாந்தி அக்கா வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. அந்தத் தெருக்காரங்களும் கம்பு எடுத்துட்டாங்க. போலீஸ் வந்திருக்கு."

சிரிப்பு நின்றது. படுக்கை அப்படியே கீழே இறங்குவது போலிருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நான் ஓடிய கதையைத்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். 'ஒருமுறைகூட நீங்கள் விழவே இல்லையா?' என்று மன்னார்குடி வாசகி ஒருவர் கொஞ்சம் குத்தலாகவே கேட்டிருந்தார். விழுந்தேன் அம்மா. நான் விழுந்ததில் ஓர் ஊரே விழ இருந்தது. அதைச் சொல்கிறேன்.

நெல்லைத் துழாவிவிட்டுப் போ

நான் பார்க்கிற சர்வேயர் வேலை ஒரு காலத்தில் நடக்கிற வேலை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தால் சோறு தானாகச் செரிக்கும். பிறகு கருவி வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பிரஷர் வந்தது.

எங்கள் தெரு முனை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் உப்பை நிறுத்தியே விட்டேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. "உன் சாம்பாருக்கு எங்க பட்டறையில மோட்டார் கழுவுற தண்ணி தேவல," என்பார் குமார். கும்பகோணத்தில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மதியம் மட்டும் கடைச் சாப்பாடு சாப்பிட்டுத் தப்பித்துக்கொண்டார்.

நடையாக ஆரம்பித்தது ஓட்டமாக மாறிய கதையை முன்பே எழுதிவிட்டேன். நான் சொல்லும் அந்த வருடம், முழு மராத்தான் ஓடியே தீருவது என்று பிடிவாதமாக இருந்த வருடம். ஐப்பசி அடைமழையில் ஷூவுக்குள் தவளை புகுந்தது. மார்கழியில் ஆற்றங்கரைப் பனியில் எதிரே வந்த மாட்டின் மீது மோதினேன். மாடு நகரவில்லை. நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கினேன்.

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ரோடுகள் ரோடாக இருக்காது. பாதி ரோட்டில் நெல் காயும். மிதித்துவிடக் கூடாதே என்று நான் ஓரமாகக் குதித்துக் குதித்து ஓடுவேன். ஒருநாள் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஓடுறதுதான் ஓடுறே. அப்படியே நெல்லுக்குள்ள எறங்கி ஒரு தொழாவு தொழாவிட்டுப் போயேன். எனக்கு ஒரு வேல மிச்சம்."

ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கித் துழாவிக் கொடுத்தேன். வெயிலேறிய நெல் உள்ளங்காலில் சுருக் சுருக்கென்று குத்தியது. அதைவிட நல்ல கால் பயிற்சியை எனக்கு எந்தக் கோச்சும் சொல்லித் தந்ததில்லை.

ஷம்ஷாத்தின் கஞ்சத்தனம்

ஷம்ஷாத் பிறந்தது கூத்தாநல்லூர். கும்பகோணத்தில் அண்ணனோடு துணிக்கடை பார்த்துக்கொள்கிறாள். மாப்பிள்ளை ஷார்ஜாவில். தலையில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டையில் ஓடுவாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். பத்து மடங்கு நிதானம்.

அந்த வருடம் அவள் ஊரில் ஒரு ஓட்டம் நடத்தினார்கள். தெருவே வாசலுக்கு வந்து நின்றது. நன்னாரி சர்பத்தைக் கையில் திணித்தார்கள். மாடி ஜன்னல்களிலிருந்து பெண்கள் "ஷம்ஷாத்து, வுடாதேடி!" என்று கத்தினார்கள். சர்பத் கொடுத்தவர்கள் மனம் கோணாமல் எல்லாவற்றையும் குடித்தது நான். வாயில் ஒரு மடக்கு வைத்து, சிரித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடியது அவள்.

"என்னடி, சொந்த ஊர்லயே கஞ்சத்தனமா?"

"தாகத்துக்குத்தான் அக்கா குடிக்கணும். மனுஷங்களுக்காகக் குடிச்சா வயிறு என்னாவும்?"

நோன்பு மாதத்தில்கூட, நோன்பு திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மெல்ல ஓடி முடித்துவிட்டுப் போய்க் கஞ்சி குடிப்பாள். எனக்குப் பதறும். "ஒடம்பு வத்திப் போயிருவே. தண்ணியக் குடி, தண்ணியக் குடி" என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன். உலகத்தில் தண்ணீரால் நல்லது மட்டும்தான் நடக்கும் என்று நான் முழுசாக நம்பினேன்.

வரைபடம் என் வேலை

மாசிக் கடைசியில் முழு மராத்தான் நடத்துவதென்று எங்கள் ஓட்டக் குழு முடிவு செய்தது. கும்பகோணத்தில் புறப்பட்டு, திருவிடைமருதூர் வழியாக உள் கிராமங்களைச் சுற்றி, திரும்ப வந்து சேர வேண்டும். பாதை போடுவது என் பொறுப்பு. சர்வேயர் இருக்கும்போது வேறு யார் போடுவது?

நான் பிறந்த ஊர் வந்ததும் பேனாவை ஒரு நிமிடம் நிறுத்தினேன். ஆற்றங்கரை ரோடு நேராகப் போகிறது. ஊருக்குள் வளைந்தால் பெரிய தெரு.

பேனாவை வளைத்தேன். "ஆத்தங்கரை நேரா இருக்கே மேடம்?" என்று ஒரு தம்பி கேட்டார். "அங்க நாய்த் தொல்லை," என்றேன். நாய்களும் இருக்கத்தான் செய்தன.

பெரிய தெருவில் அப்பா வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தார். சாந்தி அக்கா வீட்டு வயலில்தான். பள்ளிக்கூடம் விட்டு நான் அவரைத் தேடிப் போவேன். கொல்லைப்புறத்தில் அப்பா இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக் குனிந்து நிற்க, மேலேயிருந்து சொம்பில் தண்ணீர் ஊற்றுவார்கள். முழங்கை வழியாகப் பாதி மண்ணுக்குப் போகும். ஊற்றியவர்கள் வைதது இல்லை, விரட்டியது இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டேதான் ஊற்றுவார்கள். எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

அந்தத் தெருக் குழந்தைகளிடம்கூட அப்பா 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். சாந்தி அக்காவும் நானும் ஒரே அரசுப் பள்ளியில் படித்தவர்கள். அவர் இரண்டு வகுப்பு மேலே. அப்போதெல்லாம் என்னை 'ஏ வசந்தி' என்பார். நான் சர்வேயர் ஆன பிறகு, வயலை அளக்கப் போன அன்று, அது 'வசந்தி, வாங்க' ஆனது. அளவுச் சங்கிலிக்கு அந்த மரியாதை உண்டு.

இப்போது அப்பாவுக்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் இருக்கிறது. ஆனாலும் பெரிய தெருவுக்குள் காரியமில்லாமல் போகமாட்டார். ஓட்டத்துக்கு முதல்நாள் போனில் கேட்டேன்: "தெருவுல வந்து நில்லுங்கப்பா. நான் ஓடி வர்றதப் பாருங்க."

"நான் மதகுகிட்ட நிக்கிறேன். நீ அங்கதான வருவே?"

மதகு, பெரிய தெரு முடிந்து எங்கள் தெரு தொடங்குகிற இடம்.

வீட்டுக்கு வீடு

ஓட்டத்தன்று விடிந்ததிலிருந்தே புழுக்கம். நான் வேகக்காரி இல்லை. மெதுவாக, நிற்காமல், வழியில் வைத்திருந்த தண்ணீரையெல்லாம் குடித்துக்கொண்டே ஓடினேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரும் வைத்திருந்தார்கள். பிரஷர்காரிக்கு எதற்கு உப்பு என்று அதைத் தொடவில்லை. குமார் மொபெட்டில் ஒரு கேனைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து, "குடி, குடி" என்றார். குடித்தேன்.

திருவிடைமருதூர் தாண்டும்போது கைக்கடிகாரத்தின் வார் இறுகியது. ஒரு துளை தளர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு துளை. வயிறு குளுக் குளுக்கென்று சத்தம் போட்டது. தலை லேசாக வலித்தது. தாகம்தான் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் குடித்தேன்.

ஊர் வந்தது. பெரிய தெருவில் திரும்பினேன்.

வாசலுக்கு வாசல் ஆள் நின்றார்கள். பெண்கள் எல்லோர் கையிலும் டம்ளர். 'நம்ம ஊர்ப் பொண்ணு ஓடி வருது, எல்லாரும் தண்ணி வச்சுக்கிட்டு நில்லுங்க' என்று சாந்தி அக்கா வாட்ஸப்பில் போட்டிருந்தாராம். எனக்கு அது தெரியாது. நான் பார்த்தது டம்ளர்களை மட்டும்தான். எவர்சில்வர் டம்ளர்கள், வீட்டில் புழங்குகிற டம்ளர்கள், பெயர் வெட்டிய கல்யாண டம்ளர்கள்.

முதல் வீட்டில் வாங்கி, உதட்டில் வைத்துக் குடித்தேன். அழுதுவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டைத் தாண்ட முடியாது. எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். 'அவங்க வீட்டுல குடிச்சாங்க, எங்க வீட்டுலன்னா கசக்குதா?' என்று வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் நான் குடித்தது அதற்காக மட்டுமில்லை. ஒரு டம்ளரைக்கூட விடுவதாக இல்லை நான். அப்பாவின் முழங்கை வழியாக மண்ணில் போன தண்ணீரையெல்லாம் அன்றைக்கே குடித்துத் தீர்த்துவிடுகிற வெறியில் இருந்தேன்.

பக்கத்தில் ஓடிய ஷம்ஷாத் என் கையைப் பிடித்தாள். "அக்கா, விரலப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு! போதும்க்கா."

"சும்மா இருடி. உனக்கு ஒண்ணும் தெரியாது."

தெருவின் கடைசி வீடு சாந்தி அக்காவுடையது. எல்லோரையும்விடப் பெரிய டம்ளர் அவர் கையில்தான் இருந்தது. "வசந்தி, வாங்க, மொகமெல்லாம் செவந்து போச்சே, குடிங்க," என்றார். குமட்டியது. குடித்தேன். அடிவரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

மதகடியில் அப்பா நின்றார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அவர் முகம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டு முகமும் சிரித்தன. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

மிச்சமெல்லாம் ஷம்ஷாத் சொன்னது. அப்பாவின் காலடியில் போய் விழுந்தேனாம். அப்பா "தண்ணி, தண்ணி" என்று அலறினாராம். யாரோ செம்பை நீட்ட, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயில் ஊற்றினாராம். கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. பிறகுதான் கையும் காலும் இழுத்துக்கொண்டது. கூட்டத்தில் ஒரு குரல் சொல்லியிருக்கிறது: "அந்த வீட்டுத் தண்ணியக் குடிச்சதும்தான் விழுந்துச்சு."

அந்த ஒரு வரி போதாதா?

"குடிச்சே, விழுந்தே"

சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. படுத்தபடியே குமாரை வீடியோ எடுக்கச் சொன்னேன். நாக்கு இன்னும் குழறியது. "நான் நல்லா இருக்கேன். யாரும் எதுவும் கலக்கல. தண்ணி அதிகமாக் குடிச்சிட்டேன். அதான்." குமார் ஊர் குரூப்பில் போட்டார்.

பதில் உடனே வந்தது. எங்கள் தெருத் தம்பி ஒருவனின் குரல். நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

"யக்கா, அவங்க சொல்லச் சொன்னாங்களா? தண்ணி குடிச்சு யாருக்காவது வலிப்பு வருமா? நம்ம என்ன பச்சப் புள்ளையா? போலீஸே டம்ளரப் பையில போட்டு எடுத்துட்டுப் போயிருக்கு. ஒங்கப்பா வாயத் தொறந்து 'இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், நாங்க கலஞ்சு போறோம். அவரே சொல்லலியே!"

எனக்குப் புரியவில்லை. குமாரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது பசங்க மாமாகிட்டக் கேட்டாங்க. 'அந்தத் தண்ணியாலயா பெரிப்பா?'ன்னு. மாமா ஒண்ணும் பேசல."

அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார். வெள்ளை வேட்டியில் நான் எடுத்த வாந்தி காய்ந்திருந்தது. கட்டிலைத் தொடாமல் தள்ளி நின்றார்.

"என்னப்பா இது? அவங்க கலந்திருப்பாங்கன்னு நீங்க நெனைக்கிறீங்களா?"

"எனக்கு என்ன தெரியும்? குடிச்சே. விழுந்தே."

எனக்கு அன்று விழுந்த அடிகளில் அதுதான் பெரியது. அந்த வீட்டாரைக் கோபித்துக்கொண்டோ குறை சொல்லியோ அவர் பேசி நான் கேட்டதில்லை. எல்லாம் ஆறிப்போன மனிதர் என்றே நினைத்திருந்தேன். ஒரு நொடியில் நம்பிவிட்டார். நம்புவதற்காகவே எத்தனையோ வருடமாகக் காத்திருந்த மாதிரி நம்பிவிட்டார். நான் அந்தத் தெருவில் டம்ளர் டம்ளராகக் குடித்தேனே, அதை மதகடியிலிருந்து அவர் எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்? பெருமையாக என்று எண்ணியிருந்தேன். பயந்துகொண்டு நின்றிருக்கிறார்.

டாக்டரம்மாவை வரச் சொன்னேன். அவர் பொறுமைசாலி. நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவை உட்கார வைத்துச் சொன்னார்.

"ஐயா, கொழம்புல உப்பு சரியா இருக்கு. அதுல ஒரு கொடம் தண்ணிய ஊத்துனா என்னாவும்? அதான் இவங்க ரத்தத்துல நடந்திருக்கு. பிரஷர் மாத்திரை வேற உப்ப வெளியேத்திக்கிட்டே இருந்திருக்கு. இவங்க உப்பே சேக்குறதில்லையாம். காலையிலேருந்து குடிச்ச தண்ணி மொத்தமும் சேந்துதான் இது. கடைசி டம்ளர் மட்டும் இல்ல."

அப்பா தரையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"விழுந்தப்புறம் நான் ஊத்துனேனே. செம்புல. அதுவுமா?"

டாக்டரம்மா தயங்கினார். "தெரியாமதான செஞ்சீங்க ஐயா."

"அதுவுமா?"

"அதுவும்தான்."

அப்பா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதத் தெரியாமல் விட்டுவிடுகிறேன்.

பிறகு அப்பா குமாரிடம் கையை நீட்டினார். "போனப் போட்டுக் குடுங்க மாப்ள."

எங்கள் தெருத் தம்பி எடுத்தான். ஸ்பீக்கரில் கூச்சல் கேட்டது. அப்பா கத்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது.

"எம்மவளுக்குத் தண்ணி ஊத்துனதுல நானும் ஒரு ஆளுடா! மொதல்ல என்ன வந்து வெட்டுங்கடா! அப்புறம் அந்த வீட்டுக்குப் போங்க!"

போனில் கூச்சல் அடங்கியது. யாரோ ஒருவன், "பெரிப்பா, என்ன சொல்றீங்க?" என்றான். அப்பா போனைக் குமாரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். இருட்டுவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது என்று செய்தி வந்தது.

டிஸ்சார்ஜ் ஆன காலை

சில நாளில் வீட்டுக்கு விட்டார்கள். சோற்றில் உப்பு, வேறு மாத்திரை, தண்ணீருக்கு அளவு. குமார் ஒரு பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். தாலுகா முழுக்க அளந்த எனக்குக் குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுத்த மனிதர்!

"நேரா வீட்டுக்குத்தான?" என்றார் ஆட்டோவில்.

"பெரிய தெருவுக்கு."

அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அந்தப் பக்கம் ஷம்ஷாத். வேண்டாம் என்று அப்பா தடுக்கவில்லை.

நான் ஓடி வந்த அதே தெரு. ஒரு வாசலிலும் ஆளில்லை. கதவுகள் ஒருக்களித்துக் கிடந்தன. ஜன்னலோரம் முகங்கள் நகர்ந்தன. சாந்தி அக்கா வீட்டு வாசலில் இறங்கினோம். மதகடிப் பக்கமிருந்து எங்கள் தெருப் பையன்கள் சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

சாந்தி அக்கா வெளியே வந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வசந்தி, சத்தியமா நான் ஒண்ணும்..."

"தெரியும்க்கா. அதச் சொல்லத்தான் வந்தேன். ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. இன்னைக்கு எனக்கு ஒரு டம்ளர் பாக்கி இருக்கு. ஒங்க வீட்டுல குடிக்கணும்னு வச்சிருக்கேன்."

"அய்யோ, வேண்டாம்!" அவர் இரண்டு கையையும் பின்னால் ஒளித்துக்கொண்டார். "குடுக்கமாட்டேன். பயமா இருக்கு. இனிமே இந்த வாசல்ல யாருக்கும் தண்ணி குடுக்கமாட்டேன் வசந்தி. கேக்காதீங்க."

அவர் பயத்தில் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் எட்டிப் பார்த்த பையன்களின் காதில் என்ன விழுந்திருக்கும்? எங்களுக்கு அந்த வாசலில் தண்ணீர் இல்லை என்பதுதான். நான் செய்த ஆட்டத்துக்கு இதுதானா பலன்? ஒருநாள் திறந்த வாசலை நானே குடித்து மூடிவிட்டேனா?

அப்போது அப்பா என்னைத் தாண்டி முன்னால் போனார். படிக்கட்டுக்கு நேரே நின்றார். கொல்லைப்புறம் போகவில்லை. கையைக் குவிக்கவில்லை.

"எனக்குக் குடுங்கம்மா," என்றார். "தாகமா இருக்கு."

சாந்தி அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வந்தபோது கையில் ஒரு டம்ளர். விளிம்பு வரை நிரம்பி, தண்ணீர் விரலில் வழிந்தது.

அப்பா வாங்கினார். உதட்டில் வைத்தார். ஒரு மடக்கு உள்ளே போனதும் முகம் கோணியது. நான் பதறிப்போய் ஓரடி முன்னால் வைத்தேன். ஷம்ஷாத் "யா அல்லாஹ்" என்றாள். மதகடியில் நின்ற பையன்கள் ஓடி வந்தார்கள்.

அப்பா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். மூச்சுவிடாமல் மிச்சத்தையும் குடித்து முடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார்.

"என்னம்மா இது, கடல் தண்ணி மாதிரி கரிக்குது?"

சாந்தி அக்கா ஓவென்று அழுதுவிட்டார். "உப்பு இல்லாமத்தான் வசந்திக்கு அப்படி ஆச்சுன்னு சொன்னாங்க. பயந்துபோயி கொடத்துல ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டுட்டேன். நாங்களும் அதத்தான் நாலு நாளாக் குடிச்சிட்டிருக்கோம்."

முதலில் சிரித்தது அந்தப் பையன்களில் ஒருவன்தான். பிறகு குமார். பிறகு எதிர்வீட்டு ஜன்னலுக்குள் யாரோ. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. வாசற்படியில், சாந்தி அக்காவுக்கு ஓரடி தள்ளி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். காலி டம்ளரை அவரிடம் நீட்டினார்.

"பம்புல புதுசா அடிச்சு, உப்புப் போடாம இன்னொரு டம்ளர் கொண்டா தாயி."